கேமராச் செம்மலும் கடல் தண்ணீர் வாளியும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா வெங்கடராகவன் அவர்களே, கணவரை இழந்து வாடும் சகோதரி சௌந்தரவல்லி அம்மையார் அவர்களே, தந்தையின் காரியம் முடிந்த மறுநாளே தொழிற்சாலைக்குப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அன்புத் தம்பி சிவராம் அவர்களே, செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஸ்டுடியோ உரிமையாளர்களே, கேமரா விற்பனையாளர்களே, சாத்துவதற்குக் கடையே இல்லாமல் வந்திருக்கும் என் பழைய நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் செங்கல்வராயனின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருப்பவன் நான். இந்த வட்டாரப் புகைப்படக் கலைஞர்கள் மற்றும் கேமரா விற்பனையாளர்கள் சங்கத்தின் தலைவன். முன்வரிசையில் இருப்பவர்களில் பாதிப் பேரின் கல்யாணப் படத்தை எடுத்தவன் நான்தான். மீதிப் பாதிப் பேர் என்னை அழைக்கவில்லை. அவர்களையும் நான் மறக்கவில்லை.

நான் மேடை ஏறும்போது தலைமையாசிரியர் ஐயா என் காதில், "நல்லதா நாலு வார்த்தை பேசுங்கோ செங்கல்வராயன்" என்றார். ஐயா பயப்பட வேண்டாம். நல்லதாகத்தான் பேசப்போகிறேன். பல்லவா கேமரா நிறுவனத்தைத் தோற்றுவித்த பெருந்தகை, இதே மண்டபத்தில் நம் சங்கம் பட்டுச் சால்வை போர்த்தி 'கேமராச் செம்மல்' என்று பட்டம் கொடுத்த மாமனிதர், அமரர் பக்தவத்சலம் அவர்களைப் பற்றி நான் சொல்லப்போவது அத்தனையும் பாராட்டு. அவரைப் பாராட்டுவதற்குப் பொய் எதுவும் தேவையில்லை. அவர் செய்ததைச் செய்தபடி சொன்னால் போதும்.

அதோ, மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு தெளிவான படம். ஏன் தெரியுமா? அது பல்லவா கேமராவில் எடுத்ததல்ல. ஜப்பான் கேமராவில் நான் எடுத்தது. பல்லவாவில் எடுத்திருந்தால் யாருக்கு இரங்கல் கூட்டம் என்று நீங்கள் வாசலில் விசாரித்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அந்தப் படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் ஒரு கேமராவும் இருக்கிறது. அதற்கும் ஒரு குட்டி மாலை. பல்லவா டிஜி கோல்டு. இந்த 2009ஆம் ஆண்டின் புதிய மாடல். அது ஏன் அங்கே இருக்கிறது? நேற்றுத் தம்பி சிவராம் என் கடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. "அங்கிள், அப்பா நினைவா இந்த மாடலை சங்கமே மொத்தமா எடுத்துக்குதுன்னு மேடையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. குடோன் கூரை வரைக்கும் நெரம்பிக் கிடக்குது" என்றார்.

நண்பர்களே, கண்ணீரையும் சரக்கையும் ஒரே மேடையில் இறக்கும் இந்தத் துணிச்சல் தம்பிக்கு எங்கிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து வந்தது. நான் நெகிழ்ந்துபோனேன். பேச்சின் முடிவில் பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லாமல் மேடையை விட்டு இறங்கமாட்டேன். மறைமலை நகர் குடோனில் கூரையை முட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிகளின் தலையெழுத்து இப்போது என் நாக்கில் இருக்கிறது. தம்பி, தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

பக்தவத்சலம் அவர்களின் முதல் பெருமை என்ன? அவர் நம்மைப் புரிந்துகொண்டவர். வேறு எந்தக் கேமராக் கம்பெனி முதலாளி நம்மைப் புரிந்துகொண்டான்? மாமல்லபுரம் கடற்கரையில் படம் எடுத்துப் பிழைப்பவனுக்கு யார் எதிரி? வெயிலா, போட்டிக்காரனா, பேரம் பேசும் சுற்றுலாப் பயணியா? யாருமில்லை, உப்புதான் எதிரி. கடற்காற்றில் வரும் உப்பு கேமராவுக்குள் போய் ஸ்பிரிங்கைத் தின்னும், ஷட்டரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நம் கடற்கரைக்காரர்கள் வீட்டுக்குப் போனதும் கேமராவைத் துடைத்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஏசுபாதத்தின் மனைவி சந்திரம்மா ஒருமுறை என்னிடமே புகார் சொன்னார். "அண்ணாத்த, சோத்துல கல்லு வந்தா பொறுக்கிப் போடலாம். திருகாணி வருது. அதுக்கு இன்னா பண்றது?"

இந்தத் திருகாணிச் சோற்றைப் பக்தவத்சலம் அறிந்திருந்தார். தொண்ணூறுகளில் அவர் செய்து கொடுத்த ஃபிலிம் கேமரா என்ன கேமரா! கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே நாலு பாகம், மூடினால் காற்றுப் போகாத மூடி. படம் சுமாராக வரும். அந்தக் கம்பெனி நாட்காட்டியில் வருடா வருடம் வேடந்தாங்கல் பறவைகள் படம் போடுவார்கள். அதில் பறவை எது, இலை எது என்று என் பேத்தி இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. ஆனால் உப்புக்கு அது அசையாது. செங்கல்பட்டுப் பக்கத்தில் அந்தக் கேமரா இல்லாத வீடு குறைவு. அதற்காகத்தான் பட்டம் கொடுத்தோம். அது தகுதியான பட்டம். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

பிறகு 1999 வந்தது. ஃபிலிமே வேண்டாத கேமரா வருகிறதாம் என்று பேச்சுக் கிளம்பியது. ரோல் விற்றுப் பிழைப்பவன், கழுவிப் பிரிண்ட் போட்டுப் பிழைப்பவன், ஃபிலிம் கேமரா விற்றுப் பிழைப்பவன், எல்லோரும் பல்லவா வாசலில் போய் நின்றோம். என்ன ஆகும் சார், சரக்கு எடுக்கலாமா, வேண்டாமா என்று கேட்டோம். அவர் என்ன செய்தார்? மற்ற முதலாளிகளைப் போல ஏசி அறையில் ஒளிந்துகொண்டாரா? இல்லை. நம் அத்தனை பேரையும் மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்தார்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே படகுகள் நிற்கும் இடத்தில் ஷாமியானா போட்டிருந்தார். ஆளுக்கொரு இளநீர் கொடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு நீல பிளாஸ்டிக் வாளியோடு தானே அலைக்குள் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்தார். ஒரு கையில் பல்லவா. மறு கையில் ஒரு வெளிநாட்டு டிஜிட்டல் கேமரா. அதில் கம்பெனிப் பெயர் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஏன் சார் என்று கேட்டோம். "எதிரியா இருந்தாலும் பேரைச் சொல்லி அசிங்கப்படுத்தக் கூடாதுப்பா" என்றார். அந்தப் பண்பாட்டைப் பார்த்து நாங்கள் கை தட்டினோம். அந்த டேப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கேமராவாலும் எங்கள் கூட்டத்தைப் படம் எடுத்தார். எடுத்துவிட்டு இரண்டையும் வாளிக்குள் போட்டார்.

டிஜிட்டல் கேமராவை முடுக்கினால் ஒரு சின்னப் பாட்டுப் பாடும் அல்லவா, அதுவும் பாடும். தண்ணீருக்குள் கிடந்து அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடியது. பாடப் பாடக் குரல் கம்மிப்போனது. கடைசியில் இழுத்து இழுத்து ஒரு சுரம், ஒரு குமிழி, அவ்வளவுதான். எங்களில் சிலர் சிரித்தோம். சிலருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அவர் பல்லவாவை வெளியே எடுத்து உதறி, ஏசுபாதத்திடம் கொடுத்தார். "நல்ல தண்ணியில அலசிட்டு உடனே ரோலைக் கழுவு ஏசு" என்றார். ஏசுபாதத்தின் கடை அங்கேயே, கல் சிற்பக் கடைகளுக்கு நடுவில் இருந்தது. போய்க் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். அதில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். முகம் வெள்ளையாக, பல் கறுப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பக்தவத்சலம் அந்த ஃபிலிமை உயர்த்திப் பிடித்துக் கேட்டார், "ஃபிலிமுக்கு அழிவு ஏதுய்யா?"

ஆயுள் முழுக்க உப்புக்குப் பயந்தவர்களிடம் உப்புத் தண்ணீரைக் காட்டி ஜெயித்தார். அரிசி டின்னில் கேமராவைப் புதைத்து வைப்பவனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி எது? அங்கேயே ஆர்டர் கொடுத்தோம். நானும் கொடுத்தேன். "கேமரா உடம்பு வார்க்கிற மோல்டு தேஞ்சு போச்சு, இதான் கடைசி லாட்டு, இப்ப எடுத்துப் போடுறவன் பொழச்சுக்குவான்" என்றார். ஏசுபாதம் எங்கள் எல்லோரையும்விட அதிகமாக எடுத்தார். கட்டிலுக்குக் கீழே பல்லவா, அலமாரியில் பல்லவா, மகள் சிநேகா உட்கார்ந்து படிக்கும் மூலையிலும் பல்லவா. அந்தப் பெண் பெட்டிகளின் மேலேயே புத்தகத்தை விரித்துப் பத்தாம் வகுப்பு படித்தது.

அமரர் அதோடு நிற்கவில்லை. கார் டிக்கியில் கேன் கேனாகக் கடல் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மதுராந்தகத்தில் வாளி. காஞ்சிபுரத்தில் வாளி. திண்டிவனத்தில் வாளி. கடலையே பார்க்காத ஊர்க்காரர்களும் உப்புத் தண்ணீருக்குப் பயந்து ஃபிலிம் கேமரா வாங்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு டிஜிட்டல் கேமரா பாடிச் செத்தது. அந்தக் காலத்தில் ஒரு டிஜிட்டல் கேமராவின் விலைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். இந்த மனிதர் ஊருக்கு ஒன்றைத் தண்ணீரில் போட்டுக் கொல்கிறாரே, அத்தனை எங்கிருந்து வருகிறது என்று நம்மில் ஒருவனாவது யோசித்தானா? யோசிக்கவில்லை. இளநீர் அவ்வளவு நன்றாக இருந்தது.

2002இல் இதே மண்டபத்தில் கூட்டம். மேடையில் பட்டுத் துணி மூடிய ஒரு பெட்டி. அமரர் துணியை விலக்கினார். பல்லவா டிஜி. நம் ஊரிலேயே உருவான டிஜிட்டல் கேமரா என்றார். காலம் மாறினால் நாமும் மாற வேண்டும் என்றார். உள்ளே இருக்கும் சங்கதியெல்லாம் தைவானிலிருந்து வருகிறது, உடம்பு மட்டும் மறைமலை நகர் என்றார். வீட்டில் அடுக்கி வைத்த ஃபிலிம் கேமராக்களை அவரவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம். அப்போது அவர் கேமராவை முடுக்கினார்.

அது பாடியது.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஏசுபாதம் எழுந்தார். சண்டைக்கு எழவில்லை. தெரிந்த முகத்தைச் சந்தையில் பார்த்தவரைப்போல எழுந்தார். "சார், இது வாளியில செத்துதே, அதுதானே?"

டேப்புக்குக் கீழே இருந்த பெயர் அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. அவர் ஊர் ஊராகத் தண்ணீரில் போட்டுக் கொன்றது எதிரியின் கேமராவை அல்ல. தன் கம்பெனிக்காகத் தைவானிலிருந்து வந்து இறங்கிய மாதிரிகளை. டிஜிட்டலுக்கு மாற 1999இலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். மாறுவதற்கு முன்னால் பழைய சரக்கு தொழிற்சாலையை விட்டு வெளியேற வேண்டும். அது போய்ச் சேர ஒரு இடம் வேண்டும். அந்த இடம் நம் வீடு.

ஏசுபாதத்துக்கு அவர் சொன்ன பதில் என்ன? சிரித்துக்கொண்டே சொன்னார், "அது செத்துது, இது பொழச்சி எழுந்து வந்துது. உங்க வேதத்துலயே அப்டித்தானே கீது ஏசு?"

மண்டபமே சிரித்தது. ஏசுபாதம் உட்கார்ந்துவிட்டார். அன்று சிரித்தவர்களில் பலர் இன்றும் இங்கே இருக்கிறீர்கள். இப்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

அந்த முதல் டிஜியைப் பற்றிப் பேசாமல் அமரரின் சாதனை நிறைவு பெறாது. உலகமே டிஜிட்டல் செய்தது. ஆனால் ஃபிலிம் கேமரா செய்து பழகிய கையோடு டிஜிட்டல் செய்தவர் அவர் ஒருவர்தான். பழைய மோல்டு தேய்ந்துவிட்டது என்றாரே, தேயவில்லை. அதே கறுப்பு உடம்பு. அதில் ரோலைச் சுற்றும் லீவரும் அப்படியே இருந்தது. உள்ளே ரோல் கிடையாது, லீவரைத் திருப்பினால் எதுவும் சுற்றாது. ஆனால் திருப்பாவிட்டால் அடுத்த படம் எடுக்க முடியாது. ஏன் சார் என்று கேட்டால், "கைக்கு ஒரு வேலை வேணாமா?" என்பார். எடுத்த படத்தைப் பார்க்கும் திரையைக் கேமராவின் பின்மூடிக்கு உள்ளே வைத்திருந்தார். மூடியின் மேல் 'வெளிச்சத்தில் திறக்காதீர்' என்ற பழைய ஸ்டிக்கரும் இருந்தது. திரை வைத்த கேமராவைத் திறந்து பார்க்காதே என்று சொன்ன ஒரே கம்பெனி இந்த மண்ணில் இருந்தது என்பது நமக்குப் பெருமை இல்லையா?

எல்லாவற்றுக்கும் மேலே, முப்பத்தாறு. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். அதனால் டிஜியும் முப்பத்தாறோடு நின்றுவிடும். கம்ப்யூட்டரில் சொருகிக் காலி செய்தால்தான் மறுபடி எடுக்கும். படாளத்தில் ஒரு கல்யாணம். நம் கேசவன் புது டிஜியோடு போனார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், கெட்டிமேளம் முழங்கியது, கேமரா நின்றுவிட்டது. படாளத்தில் அன்று கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? பெண்ணின் அப்பா கேசவனைச் சட்டையைப் பிடித்துப் பந்தலுக்கு வெளியே தள்ளினார். கேசவன் அழுதுகொண்டே கம்பெனிக்குப் போனார். அமரர் கேட்டுவிட்டுச் சொன்னார், "முப்பத்தாறுக்கு மேல எடுக்கிறவன் போட்டோகிராபர் இல்ல கேசவா, பேராசைக்காரன்." அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். தாலி கட்டிய படம் மட்டும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பல்லவா பிழைத்தது. அடுத்தடுத்த மாடலில் லீவர் போயிற்று, திரை வெளியே வந்தது, முப்பத்தாறும் போயிற்று. நாட்டில் எத்தனை கேமராத் தொழிற்சாலைகள் பூட்டிப்போயின. மறைமலை நகரில் மட்டும் விளக்கு எரிந்தது. எப்படி? மற்ற முதலாளிகளின் பழைய சரக்கு அவர்களுடைய குடோனிலேயே செத்து அவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. இவருடைய பழைய சரக்கு நம் கட்டிலுக்குக் கீழே செத்தது. சாவு எப்படியும் ஒரு வீட்டில் விழத்தான் வேண்டும் என்றால், அது தன் வீடாக இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். தொழில் மேதை என்றால் வேறு யார்?

ஏசுபாதம் ஒருமுறை தொழிற்சாலைக்குப் போனார். எல்லாவற்றையும் வேண்டாம், பாதியையாவது திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனார். நான்தான் கூடப் போனேன். அமரர் எழுந்து வந்து ஏசுபாதத்தின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். டீ வந்தது. சிநேகா எந்த வகுப்பு என்று விசாரித்தார். பிறகு கேட்டார், "ஏசு, அன்னைக்கு வாளியில போட்டது உன் கண்ணு முன்னாலதானே? கழுவினது உன் கைதானே? அதுல இன்னா பொய் கீது, நீயே சொல்லு." ஏசுபாதம் யோசித்துப் பார்த்துவிட்டு, "பொய் ஒண்ணும் இல்ல சார்" என்றார். "அப்புறம் இன்னா? இன்னைக்கும் தண்ணியில போட்டுப் பாரு, வேலை செய்யும்." டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தோம்.

அவர் சொன்னது உண்மை. சோதனையில் பொய்யே இல்லை. டிஜிட்டல் செத்தது, ஃபிலிம் பிழைத்தது, கண்ணால் பார்த்தோம். கேள்விதான் தப்பு. கேமரா வாங்க வருகிறவன் எவனாவது அதைக் கடலில் போட்டுப் பார்த்து வாங்குகிறானா? நாங்கள் கேட்காத அந்தக் கேள்வியில் அவர் கோட்டை கட்டினார்.

ஏசுபாதத்தின் கடையில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள். அவருக்குச் சொந்தமில்லாத ஐஸ்கிரீம். கட்டிலுக்குக் கீழே கிடந்த பல்லவாக்களைச் சந்திரம்மா கூடையில் போட்டுக் கடற்கரையில் விற்றார். கேமராவாக இல்லை. சங்கு மாலைக்கும் ஊதுகுழலுக்கும் பக்கத்தில், குழந்தைகள் விளையாடும் பொம்மையாக. "ரோலு வாணாம்மா, சும்மா அமுக்கினா சத்தம் வரும், கொயந்த அழாது" என்று கூவி விற்றார். நான் நின்று கேட்டேன். ஏசுபாதம் படூரில் ஒரு அடுக்குமாடி வளாகத்தில் வாட்ச்மேன். வாசலறையில் உட்கார்ந்து நாலு கண்காணிப்புக் கேமராக்களின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கேமராத் தொழிலை அவர் இன்றுவரை கைவிடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா, நீங்கள் தலை குனிய வேண்டாம். உங்களைக் காயப்படுத்த நான் வரவில்லை. என் அப்பா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுக்க வந்த முதல் ஆள் உங்கள் கணவர். வெயிலில் செருப்பில்லாமல் சுடுகாடு வரை நடந்தார். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் குனிந்து பரிமாறினார். அது நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும். எனக்கு அவரைப் பிடிக்கும் அம்மா. இப்போதும் பிடிக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ மறந்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பைப் பல்லவா பெட்டிகளின் மேல் படித்த சிநேகா மேலே படிக்கவில்லை. படிக்க வைக்க வழியில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கைபேசித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது. செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ் போகிறதே, அதில் போய்வருகிறது. ஒருநாள் என் கடைக்கு வந்து, "பெரீப்பா, இனிமே கேமரா இல்லாத போனே எங்க லைன்ல வராதாம். சீப்பா வர்ற போன்லயும் கேமராதான். தனியா கேமரா எவன் வாங்குவான்?" என்றது. நான் சங்கத்தைக் கூட்டினேன். சிநேகா சொன்னதைச் சொன்னேன். அன்றைக்கே கடைக்காரர்கள் எல்லோரும் கைபேசி விற்பனைக்கு ஏஜென்சி கேட்டு மனுப் போட்டோம். கிடைத்துவிட்டது. கடை வாசலில் புதுப் பலகை மாட்டுவதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறோம்.

அதே வாரம் தம்பி சிவராம் என் கடைக்கு வந்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நான்தான் பார்த்துக்கொள்கிறேன், தீபாவளிக்கு டிஜி கோல்டைப் பெரிய அளவில் போடலாமா, போன் போனென்று பேசிக்கொள்கிறார்களே, என்ன ஆகும் அங்கிள் என்று கேட்டார். நல்ல பிள்ளை. கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார். நாங்கள் அன்று பல்லவா வாசலில் நின்று கேட்டது போலவே கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தம்பி? எல்லோரும் கேட்கட்டும். "கேமராவுக்கு அழிவு ஏது தம்பி?" என்று சொன்னேன். இளநீரும் வாங்கிக் கொடுத்தேன்.

தலைமையாசிரியர் ஐயா என் சட்டையை இழுக்க வேண்டாம். முடித்துவிடுகிறேன். மறைந்தவருக்கு உண்மையான அஞ்சலி எது? அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வது. அவர் காட்டிய வழியில் நடப்பது. அந்த வழியில்தான் நாங்கள் நடந்திருக்கிறோம். குடோன் நிறைந்தது எங்கள் உழைப்பு. இந்த முறை சாவு விழுந்திருக்கும் வீடு எங்களுடையது அல்ல.

ஆனாலும் நாங்கள் அநியாயக்காரர்கள் இல்லை. தம்பிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வாசலுக்குப் பக்கத்தில், கடைசி நாற்காலியில், காக்கி உடையில் காலுக்கு நடுவே மூடி போட்ட வாளியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, பார்த்தீர்களா? மோர் என்று நினைத்து இரண்டு பேர் டம்ளரோடு போய்த் திரும்பிவிட்டார்கள். அவர்தான் ஏசுபாதம். வாளியில் மாமல்லபுரத்துக் கடல் தண்ணீர். அந்த நீல வாளியே இதுதான். அன்று அமரர் மணலிலேயே மறந்துவிட்டுப் போனது. இத்தனை நாள் சந்திரம்மா அதில் துணி ஊற வைத்துக்கொண்டிருந்தார்.

வா ஏசு, மேலே கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வை. கொஞ்சம் வழி விடுங்கள், சிந்திவிடப் போகிறது.

சங்கத்தின் தீர்மானம் இது. இனி எந்தப் புது மாடலும் இந்த வாளியில் தேறினால்தான் நம் கடை ஏறும். இதற்குப் 'பக்தவத்சலம் சோதனை' என்று பெயர் சூட்டுகிறோம். அவர் பெயர் இந்த மண்ணில் நிலைக்கட்டும். டிஜி கோல்டு நனைந்து எழுந்து ஒரு படம் எடுத்தால், குடோனில் இருக்கும் அத்தனையையும் நாளையே எடுத்துக்கொள்கிறோம். ஆயிரம் பேர் சாட்சி. முன்வரிசையில் யாரோ, போனைப் போட்டாலும் சாகும்தானே என்கிறார். சாகும் ஐயா, எங்களுக்குத் தெரியும். இந்தச் சோதனையிலும் பொய் இல்லை, அந்தச் சோதனையைப் போலவே.

தம்பி சிவராம், எழுந்து வாருங்கள். தட்டிலிருந்து கேமராவை எடுங்கள். மாலையைக் கழற்றிவிடுங்கள், பூ மிதந்தால் சரியாகத் தெரியாது. வேறு யார் போட்டாலும் முறையாகாது, மூத்த மகன் நீங்கள்தான். முடுக்குங்கள். கேட்கிறதா? மாடல் எத்தனையோ மாறிவிட்டது, பாட்டு மட்டும் மாறவே இல்லை. ஏசு, நீ கண்ணை மூடாதே, பார். தம்பி, கேமராவை மார்போடு அணைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பா ஒருநாளும் இப்படித் தயங்கியதில்லை.

போடுங்கள்.

அவையோரே, அமரர் பக்தவத்சலம் அவர்களின் நினைவாக எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். கடிகாரம் பார்க்க வேண்டாம். அது பாடி முடிக்கும்வரை நிற்போம்.